ஒரு வார்த்தை சொல்லுங்கக்கா

1

“அக்கா, நாங்க அப்படிப்பட்டவங்க இல்லைன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லணும். அது போதும் எனக்கு. திங்கக்கிழமையே வேலைக்கு வந்துடுங்க.”

போன மாதம் ஒரு சனிக்கிழமை மத்தியானம் கவிதா போனில் இப்படிச் சொன்னாள். நான் அடுப்பை அணைத்துவிட்டு, “சரிம்மா, இவர்கிட்ட கேட்டுட்டுச் சொல்றேன்” என்றேன். இவரிடம் கேட்பதற்கு ஒன்றுமில்லை. யோசிக்கக் கொஞ்சம் நேரம் வேண்டியிருந்தது, அதற்காகச் சொன்னது.

கவிதாவும் அவள் வீட்டுக்காரர் பிரபுவும் கோயம்புத்தூர்ப் பக்கம். இரண்டு பேரும் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. பூனாவில் கராடி என்கிற இடத்தில் எட்டாவது மாடியில் வீடு. அவர்களுடைய மகள் தன்யாவை ஆறு மாதக் குழந்தையிலிருந்து நான்தான் பகலெல்லாம் பார்த்துக்கொண்டேன். இப்போது அவளுக்கு இரண்டரை வயசு. என் பேர் முத்துலட்சுமி. குழந்தைக்கு அது வாயில் வராது, ‘முத்தா’ என்பாள். கவிதாவுக்கு நான் முத்துக்கா. நேரில் அவளை நீங்க, வாங்க என்றுதான் பேசுவேன். எழுதும்போது மட்டும் அவள், இவள் என்று வருகிறது. அக்கா என்று கூப்பிட்டவள், கோபித்துக்கொள்ள மாட்டாள் என்று ஒரு நினைப்பு.

அந்தப் போன் வருவதற்கு மூன்று வாரம் முன்னால் அவர்கள் வீட்டில் ஒரு பேச்சு நடந்து, நான் வேலைக்குப் போகாமல் நின்றிருந்தேன். நின்றேனா, நிறுத்தினார்களா என்பது எனக்கே சரியாகத் தெரியாது. அன்றைக்கு ராத்திரி போனில் ‘ரெண்டு நாள் ரெஸ்ட் எடுங்கக்கா’ என்றார்கள். ரெண்டு நாள் மூன்று வாரமாகிவிட்டது.

நான் கேஸை மூடினோமா என்று எழுந்து எழுந்து பார்க்கிற ரகம். ரயில் ஐந்து நிமிஷம் தாமதமானால் எங்கோ ஆள் விழுந்துவிட்டான் என்று நினைப்பேன். அந்த மூன்று வாரமும் எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். அந்த வேலை போனால் மகளின் காலேஜ் ஃபீஸுக்கு வழியில்லை. அது ஒரு கவலை. குழந்தை என்னைத் தேடுமே என்பது இன்னொன்று. தேடாமல் போய்விடுமோ என்பது அதைவிடப் பெரிசு.

2

தொண்ணூற்று இரண்டில் கல்யாணமாகி இங்கே வந்தேன். இவருக்குக் கசார்வாடியில் ஒரு லேத் பட்டறையில் வேலை. பம்பாய் போகிற பழைய ரோட்டோரம், பட்டறைகளுக்கு நடுவே வரிசை வீடு, ஒரே அறை. நான் எட்டாவதோடு படிப்பை விட்டவள். மராத்தியைத் தண்ணீர்க் குழாயடியில்தான் படித்தேன். வீட்டுக்காரம்மாவை, அம்மா வயசுக்காரியை, வந்த புதிதில் ‘நீ, வா, போ’ என்றுதான் மராத்தியில் பேசிக்கொண்டிருந்தேன். மரியாதைக்கு வேறே சொல் இருக்கிறது என்று ஒரு வருஷம் யாரும் சொல்லவில்லை. குழாயடி முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தது.

மதராசி என்றார்கள். இட்லிவாலி என்றார்கள். இவர் பட்டறைக்குப் போகிற வழியில் பையன்கள் ‘ஐயோ ரே’ என்று தமிழைப் பழித்துக் கத்துவார்கள். அதெல்லாம் உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் வீட்டுக்காரம்மா எங்களிடம் கேட்டது இரண்டே கேள்வி. வாடகை தேதிக்கு வருமா? மொட்டை மாடியில் கருவாடு காயப்போடுவாயா? அவ்வளவுதான். அவள் குடத்துக்குப் பக்கத்தில் என் குடத்தை வைத்தேன். யாரும் நகர்த்தவில்லை.

எங்கள் தெரு ஊரில் எந்தப் பக்கம் இருந்தது, ஏன் அந்தப் பக்கம் இருந்தது என்று இதைப் படிக்கிற உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. உங்களுக்குத் தெரியும். வந்த முதல் வாரம் இவர் டீ குடித்துவிட்டு வந்து வாசலில் நின்று சிரித்தார். “ஒரு பய கேக்கலடி. பக்கத்துலயே உக்காந்து குடிச்சிட்டு வாரேன். ஒரு பய என்ன ஏதுன்னு கேக்கல.” அந்தச் சிரிப்புக்காகவே இந்த ஊரில் தங்கினோம் என்றுகூடச் சொல்லலாம். புகை, இரைச்சல், ஒரே அறை எல்லாம் அதற்கப்புறம் பழகிவிட்டது.

3

மகள் பேர் தமிழரசி. பேரில்தான் தமிழ். பேசுவது பாதி மராத்தி, படிக்க ஒரு எழுத்து தெரியாது. இதை நான் எழுதுவதைத் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டு, “காய் லிஹிதேஸ் அம்மா, என்ன எழுதுற? என்னைப் பத்தித் தப்பா எழுதலையே?” என்று போகிறாள். எழுதினாலும் அவளுக்குத் தெரியப்போவதில்லை.

அவள் பன்னிரண்டாவது முடித்ததும் சாதிச் சான்றிதழுக்கு தாசில் ஆபீசுக்குப் போனோம். இவருடைய சாத்தூர்ச் சான்றிதழை பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துப் போனேன். வரிசையில் நின்று நின்று எங்கள் முறை வந்தபோது, ஜன்னலுக்குள் இருந்தவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நல்ல மனுஷன்தான். பொறுமையாகச் சொன்னார்: வேறு மாநிலத்திலிருந்து வந்தவர்களுக்கு இந்த மாநிலத்தின் சலுகை கிடையாது. உங்கள் சாதி உங்கள் மாநிலத்துப் பட்டியலில் இருக்கிறது. இங்கே உங்கள் மகள் பொதுப் பிரிவு.

“அப்ப எங்க சாதி?” என்று கேட்டேன்.

“இங்கே இல்லை தாயி” என்றார்.

லோக்கல் ரயிலில் திரும்பும்போது அரசி விழுந்து விழுந்து சிரித்தாள். “அம்மா, மஹாராஷ்டிரால நாம ஓபன்! பார்ட்டி குடு!” எனக்கும் சிரிப்பு வந்தது. அப்புறம் முழு ஃபீஸும் கட்ட வேண்டும் என்று ஞாபகம் வந்து நின்றுபோயிற்று. கராடிக்கு வேலைக்குப் போக ஆரம்பித்தது அதற்கப்புறம்தான்.

4

காலையில் கசார்வாடியில் லோக்கல் பிடித்து பூனா ஸ்டேஷன், அங்கிருந்து நகர் ரோடு போகிற பஸ். இறங்கி நடந்து, செக்யூரிட்டியிடம் பேர் எழுதி, லிஃப்டில் ஏறினால் குழந்தை கதவுக்குப் பின்னாலேயே நிற்கும்.

கவிதா நல்லவள். இதைச் சும்மா ஒப்புக்குச் சொல்லவில்லை. சாயங்காலம் ஆபீசிலிருந்து வந்ததும் அவளே டீ போட்டு, சமையலறைத் தரையில் என் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள். எல்லாம் சொல்வாள். வீடு தேடி அலைந்த கதையை அங்கேதான் சொன்னாள். போனில் ‘வாங்க’ என்ற புரோக்கர், நேரில் பேரைக் கேட்டதும் ‘ஓனர் மதராசிக்குத் தர மாட்டார்’ என்றானாம். இன்னொரு இடத்தில், ‘உங்க ஆளுங்க வீட்டுல ஒரு மாதிரி வாசனை வருமே’ என்றார்களாம். அப்போது அவளுக்கு ஏழு மாசம். வயிற்றைத் தள்ளிக்கொண்டு படியிறங்கியதைச் சொல்லும்போது அழுதாள். பிரபுவுக்கு வேறு கதை. அமெரிக்காவுக்கு வேலையாகப் போனபோது, கடையில் ஒரு காவல்காரன் அவர் பின்னாலேயே வந்தானாம், திருடிவிடுவார் என்று. “பின்னாடி ஒருத்தன் நடந்து வர்ற சத்தம் இருக்கே முத்துக்கா, அது இன்னும் காதுல இருக்கு” என்பார்.

எனக்கு அவர்கள் மேல் உண்மையாகவே பரிதாபம் வந்தது. அந்தச் சத்தம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

மார்கழி வாக்கில் பிரபுவின் அம்மா ஊரிலிருந்து வந்தார். பெரியம்மா என்று கூப்பிட்டேன். கலகலப்பான மனுஷி. வந்த அன்றைக்கே என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நம்ம புள்ளையத் தங்கமாட்டப் பாத்துக்கிறீங்கன்னு கவிதா சொல்லுச்சுங்க. உங்களுக்கு எந்தூருங்க?”

“சாத்தூர்ப் பக்கம் பெரியம்மா.”

“சாத்தூர் டவுனேவா?”

“இல்ல, பக்கத்துல ஒரு கிராமம்.”

“ஊருக்குள்ளயே வீடுங்களா?”

“ம்.”

“குலதெய்வம் எதுங்க?”

இந்தக் கேள்வி எந்த இடத்தில் வரும் என்று எனக்கு மனப்பாடம். இங்கே வேலை கேட்டுப் போன தமிழ் வீடுகளில் எல்லாம் இதே வரிசைதான். ஊர், தெரு, சாமி. நேராக யாரும் கேட்பதில்லை. சாமியைக் கேட்பார்கள். எனக்கும் ஒரு தயார்ப் பதில் உண்டு, கருப்பசாமி என்று. கருப்பசாமி எல்லோருக்கும் உண்டு, அதோடு பேச்சு நிற்கும். பெரியம்மா விடவில்லை.

“கருப்பசாமின்னா ஊர்க் கோயில்லயே இருக்குதுங்களா?”

மடியில் குழந்தை இருந்தது. என் தாலிக் கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே, “இல்ல பெரியம்மா, எங்க தெருக்கோடியில, கம்மாக்கரையில” என்று சொல்லிவிட்டேன்.

“ஓ” என்றார். “சரிங்க, சரிங்க.” கையை எடுத்துப் புடவையைச் சரி செய்துகொண்டார்.

அதற்கு இரண்டு நாள் கழித்து கவிதா வந்து, “அக்கா, இனிமே பாப்பாவுக்கு ஸ்பூன்ல ஊட்டிடுங்க. டாக்டர் சொன்னாங்க” என்றாள். அதுவரை நான் சோற்றை நெய்யும் பருப்பும் விட்டுக் கையால் குழையப் பிசைந்து உருட்டி ஊட்டுவேன். இப்போது பெரியம்மாவே பிசைந்து கிண்ணத்தில் வைத்துவிடுவார். நான் ஸ்பூனால் எடுத்துக் கொடுக்க வேண்டும். குழந்தை ஸ்பூனைத் தட்டிவிட்டு என் விரலைப் பிடித்து வாய்க்குக் கொண்டுபோகும்.

சத்தியமாகச் சொல்கிறேன், டாக்டர்தான் சொல்லியிருப்பார் என்று நினைத்தேன். நகத்தை வெட்டிக்கொண்டேன். சோப்பைப் போட்டு இரண்டு தடவை கழுவினேன். ஒருவேளை கையில் ஏதாவது இருக்குமோ, குழந்தைக்கு என்னால் ஏதாவது வந்துவிடுமோ என்று பயந்தேன்.

தையில் ஊருக்குப் போய்ப் பாப்பாவுக்குக் காது குத்துவதாக இருந்தார்கள். என்னையும் கூட்டிப் போவதாகப் பேச்சு. அப்புறம் உங்க டிக்கெட் மட்டும் கன்ஃபர்ம் ஆகலக்கா என்றார்கள். ரயில் டிக்கெட் கிடைக்காமல் போவது சகஜம்தானே. அதையும் நம்பினேன்.

5

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

காது குத்திவிட்டு வந்ததைக் கொண்டாட, பிரபுவின் நண்பர்கள் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். எல்லாம் தமிழ் ஆட்கள்தான். சாப்பாடு முடிந்து ஹாலில் உட்கார்ந்தார்கள். நான் குழந்தையைத் தூங்கப் போட்டுவிட்டு ஓரமாக நின்றேன். பேச்சு வழக்கம்போல மதராசியில் ஆரம்பித்தது. ஆபீசில் மதிய சாப்பாட்டு மேசையில் இவர்கள் உட்கார்ந்தால் மற்றவர்கள் இந்தியிலேயே பேசுகிறார்கள், பிரமோஷனில் இப்படி, வீட்டில் அப்படி என்று ஆளுக்கொரு கதை. சுரேஷ் என்று ஒருவர், வேடிக்கையாகப் பேசுவார். “நம்மாளு நாலு பேரு சேர்ந்தா அவன் நெட்வொர்க்குங்கறான், அவன் நாலு பேரு சேர்ந்தா டீம்ங்கறான்” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

கவிதா என் பக்கம் திரும்பினாள். “முத்துக்கா, நீங்க சொல்லுங்க. இருபது வருஷமா இங்க இருக்கீங்க. எங்களுக்கே இப்படின்னா உங்களை எல்லாம் எப்படி நடத்தியிருப்பாங்க!”

கேட்டார்கள், அதனால் சொன்னேன். யோசித்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன்.

“மதராசின்னு சொல்லுவாங்கதான் கவிதாம்மா. ஆனா எங்க கசார்வாடிப் பக்கம் நீ என்ன சாமி கும்பிடுறன்னு ஒருத்தரும் கேட்டதில்ல. அது நம்ம தமிழ் ஆளுங்க வீட்டுக்கு வேலைக்கு வந்தப்புறம்தான் கேட்டாங்க.”

அவ்வளவுதான் நான் சொன்னது.

சுரேஷ்தான், “அக்கா அணுகுண்டையே தூக்கிப் போட்டுட்டாங்களே” என்று சிரித்துப் பார்த்தார். கூடச் சிரிக்க ஆளில்லை.

“சும்மா பேச்சுக்குக் கேக்குறதுங்க அதெல்லாம்” என்றார் ஒருவர். “எங்கம்மா ஆட்டோக்காரன்கிட்டகூடக் கேப்பாங்க.”

“இப்பல்லாம் யாரு அதெல்லாம் பாக்குறா? ஆள் கிடைச்சாப் போதும்னு இருக்கு” என்றது இன்னொரு பெண்.

“படிச்சவங்ககிட்ட அது கிடையாதுக்கா. ஊர்ல இருக்கலாம். இங்க யாரு?”

ஊரில் என்பார்கள் என்று நினைத்தேன். இங்கே கேட்டால் ஊரில்தான் என்பார்கள், ஊரில் கேட்டால் அந்தக் காலத்தில் என்பார்கள்.

உள்ளே டிவி பார்த்துக்கொண்டிருந்த பெரியம்மா வெளியே வந்தார். முகம் சிவந்திருந்தது. “நான் என்னங்க தப்பாக் கேட்டுப்போட்டேன்? நம்ம மனுசின்னுதானே கேட்டேன். சொந்தத்துக்காரங்ககிட்டயும் அதேதான் கேப்பேன். நான் ஒரு வார்த்தை தட்டிப் பேசியிருப்பனா?”

“இல்ல பெரியம்மா, நான் உங்களைச் சொல்லல” என்றேன்.

பிரபு ஜன்னலைப் பார்த்தார். கவிதாதான் எழுந்து நின்றுவிட்டாள். “அக்கா, நாங்க உங்களை அப்படியா நடத்துறோம்? சொல்லுங்க. தீபாவளிக்கு எங்கம்மாவுக்கு எடுத்த அதே புடவைதானே உங்களுக்கும் எடுத்தேன்? ஃபிரிட்ஜ் குடுத்தோம். அரசிக்குக் கம்ப்யூட்டர் குடுத்தோம். தரையில உங்க பக்கத்துல உக்காந்து டீ குடிக்கிறேன். எந்த வீட்டுல குடிக்கிறாங்க? அந்த ஸ்பூன் விஷயம் டாக்டர் சொன்னதுக்கா! நிஜமா டாக்டர்தான் சொன்னாங்க!”

நான் ஸ்பூனைப் பற்றிப் பேசவே இல்லை.

அந்த நிமிஷம்தான் எனக்குத் தெரிந்தது. அதுவரை தெரியாது. அவளுக்கும் சொன்ன பிறகுதான் தெரிந்தது என்று நினைக்கிறேன். வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் செருப்பைப் போட்டுக்கொண்டு கீழே இறங்கினேன். லிஃப்ட் வரும்வரை நிற்கப் பிடிக்காமல் படியில் இறங்கினேன்.

6

வீட்டில் இருந்த மூன்று வாரமும் இதையேதான் நினைத்தேன். வீடு மறுக்கப்பட்டதற்கு அழுத பெண்ணுக்கு நான் சொன்னது ஏன் புரியவில்லை? கடையில் பின்னால் நடந்து வந்த காலடிச் சத்தத்தை மறக்காத மனுஷன் ஏன் ஜன்னலைப் பார்த்தார்?

ஒருநாள் அரசியோடு சண்டை. “அந்தப் பாப்பாவுக்கு தினம் தமிழ்ல கதை சொன்ன. எனக்கு எப்ப சொன்ன? நான் மாவ்ஷி வீட்டுலதானே கிடந்தேன்” என்றாள். நான் வேலைக்குப் போகிற வேளைகளில் அவள் வீட்டுக்காரம்மாவிடம் வளர்ந்தவள். எனக்குச் சுருக்கென்று ஏறியது. “உனக்கு என்னடி குறை வச்சோம்? கேட்டதெல்லாம் வாங்கித் தரலையா? நாங்க ஒரே அறையில கிடந்து உன்னைய...” என்று அடுக்கிக்கொண்டே போனேன்.

அரசி இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள். கேட்டுவிட்டு, “ஃபிரிட்ஜை விட்டுட்டியே அம்மா” என்றாள்.

அதற்கப்புறம் எனக்குக் கவிதா மேல் கோபப்பட வரவில்லை. ஒருத்தர் குறை சொன்னால் நாம் செய்த நல்லதெல்லாம் தானாக நாக்குக்கு வந்து நிற்கிறது. அதைக் கேட்டு யாரும் நம்மிடம் வரவில்லை, ஆனாலும் நிற்கிறது. அதிலும் நாமே அடிபட்டவர்களாக இருந்தால் இன்னும் மோசம். நானே இவ்வளவு பட்டிருக்கிறேன், நான் போய் இன்னொருவரை நோகடிப்பேனா என்று தோன்றும். கவிதா பொய் அழுகை அழவில்லை. அவள் பட்டது பெரிசுதான். அதைத் தாங்கிப் பிடித்திருக்கிறபோது என்னுடையதை வாங்க அவளிடம் கை இல்லை.

அப்படி என்றால் நான் என்ன செய்வது? அதுதான் எனக்குப் பிடிபடவில்லை. சொன்னால் அவர்களுக்கு நோகிறது. அவர்களுக்கு நொந்ததை நானே தடவிக் கொடுக்க வேண்டியிருக்கிறது. சொல்லாவிட்டால் ஒன்றுமே நடக்கவில்லை.

போன் வந்ததை அரசியிடம் சொன்னேன். “ஜாவூதே அம்மா, விடு. போகாத. நீ எதுக்கு சொல்லணும்?” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து அவளே வந்து, “அடுத்த வருஷ ஃபீஸ் நோட்டீஸ் போட்டுட்டாங்க” என்று வேறு எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னாள். இவர் சட்டையில் ஒட்டிய இரும்புத் தூளை உதறிக்கொண்டிருந்தார்.

7

திங்கட்கிழமை போனேன்.

வாசலிலேயே கவிதா நின்றாள். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. மெலிந்திருந்தாள். சொல்ல வேண்டியதை ரயிலில் பத்துத் தடவை சொல்லிப் பார்த்து வந்திருந்தேன். “நீங்க அப்படிப்பட்டவங்க இல்ல கவிதாம்மா. நான்தான் என்னமோ பேசிட்டேன்” என்றேன். கட்டிப் பிடித்துக்கொண்டாள். “தேங்க்ஸ்க்கா. எனக்குத் தூக்கமே இல்லக்கா” என்றாள். நான் அவள் முதுகைத் தடவிக் கொடுத்தேன். எனக்கும் தூக்கம் இல்லை என்று சொல்ல வந்தேன், சொல்லவில்லை. குழந்தை ஓடி வந்து காலைக் கட்டிக்கொண்டது. அது போதும் என்று அன்றைக்கு நினைத்தேன்.

வேலை இருக்கிறது. ஃபீஸ் கட்டிவிட்டோம். பெரியம்மா ஊருக்குப் போய்விட்டார், போகும்போது எனக்குப் புடவை வைத்துக் கொடுத்தார். கவிதா இப்போது ரொம்ப மரியாதையாக இருக்கிறாள். ‘ப்ளீஸ்க்கா’, ‘தேங்க்ஸ்க்கா’ இல்லாமல் ஒரு பேச்சு கிடையாது. சாயங்காலம் டீயை மேசையில் வைத்து, நாற்காலியை இழுத்துப் போட்டு, “உக்காருங்கக்கா” என்கிறாள். அவள் கப்பை எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போய்விடுகிறாள். ஆபீசில் என்ன நடந்தது, யார் என்ன சொன்னார்கள், ஒன்றும் என் காதுக்கு வருவதில்லை. நானும் கேட்பதில்லை. எதைக் கேட்டால் எது வரும் என்று இரண்டு பேருக்கும் பயம்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை, அந்த நண்பர்கள் மறுபடி வந்தார்கள். உதவிக்கு என்னையும் வரச் சொல்லியிருந்தாள். பஜ்ஜித் தட்டை எடுத்துக்கொண்டு ஹாலுக்கு வரும்போது சுரேஷின் குரல் கேட்டது. “எங்க அபார்ட்மென்ட் சொசைட்டில புதுசா ஒரு தமிழ் ஃபேமிலி வந்திருக்கு, அவங்ககிட்ட சேர்மன் கேட்டிருக்கான்...” என்று சொல்லிக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்ததும் நிறுத்தினார். கவிதா பிரபுவைப் பார்த்தாள்.

“நகர் ரோட்ல டிராஃபிக் எப்படி இருந்துச்சு?” என்றார் பிரபு.

“ஐயோ, அதை ஏன் கேக்குறீங்க” என்று ஒருவர் ஆரம்பித்தார். எந்த சிக்னலில் எவ்வளவு நேரம், எந்தப் பக்கம் தோண்டிப் போட்டிருக்கிறார்கள் என்று எல்லோரும் ஆளுக்கொன்று சொன்னார்கள். நான் தட்டை வைத்து, சட்னியை வைத்து, காலிக் கிளாஸ்களைப் பொறுக்கிக்கொண்டு சமையலறைக்குப் போகும்வரை டிராஃபிக் பற்றியே பேசினார்கள். குழாயைத் திறந்து கிளாஸ்களைக் கழுவ ஆரம்பித்ததும், ஹாலில் சுரேஷ் விட்ட இடத்திலிருந்து மெதுவாகத் தொடர்ந்தார். தண்ணீர்ச் சத்தத்தில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.